பெரிய திரையா? கெட்டியான உடம்பா? பெரிய பெயரா?

செல்போன் வாங்கும் வீட்டில் ஒரு வழக்கு

செங்கல்பட்டில் ஒரு வீடு. கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்துவிட்டது. வெற்றிலைத் தட்டு நடுவில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உடைந்த செல்போன் ஒன்று கிடக்கிறது. கண்ணாடியில் சிலந்தி வலை பின்னியதுபோல விரிசல்!

புதிதாக ஒன்று வாங்க வேண்டும். எதை வாங்குவது? அங்கேதான் சண்டை.

"திரை பெரிதாக இருக்கவேண்டும்" என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன்.

"கீழே விழுந்தால் உடையக்கூடாது. அது போதும்" என்கிறார் அப்பா.

"நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். பேர் இல்லாததை வாங்கி ஏமாறாதீர்கள்" என்கிறாள் அம்மா.

கொக்கிலமேட்டிலிருந்து வந்திருக்கும் மாமா, கடலுக்குப் போகிறவர். அவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொத்தான் போனை எடுக்கிறார். பாலிதீன் பைக்குள் சுற்றி, ரப்பர் வளையம் போட்டிருக்கிறார். "இதற்கு என்ன குறைச்சல்?" என்று கேட்கிறார்.

மகள் மட்டும் பேசவில்லை. அவள் மகேந்திரா சிட்டியில் வேலை பார்க்கிறாள். செல்போன் செய்யும் ஆலையில்!

இந்த வீடு கற்பனை. ஆனால் இந்தச் சண்டை கற்பனை அல்ல. செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது. ஒரு மாதச் சம்பளம், சில வீடுகளில் இரண்டு மாதச் சம்பளம், ஒரு கையளவுப் பொருளுக்குப் போகிறது. மிச்சத்துக்குத் தவணை. எனவே இந்த வழக்கைச் சிரித்துவிட்டுப் போவதற்கு இல்லை. ஒவ்வொருவர் கட்சியிலும் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

மகன் கட்சி

முதலில் மகன். அவனைத் திட்டத்தான் எல்லாருக்கும் தோன்றும். "சினிமா பார்க்கத்தானே பெரிய திரை?" என்று கேட்பார்கள்.

சினிமாவும் பார்ப்பான். யார் இல்லை என்றது? ஆனால் 2020-ம் ஆண்டு நினைவு இருக்கிறதா? கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தன. பாடம் எல்லாம் செல்போனில் வந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே போனுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். கரும்பலகையில் எழுதியது எறும்பு ஊர்ந்ததுபோலத் தெரிந்தது. அந்தக் காலத்தில் பெரிய திரை ஆடம்பரமாக இருக்கவில்லை. அது பிள்ளையின் கண்.

ஆயாவைக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பேரனைச் சிறிய திரையில் பார்த்தால் அவளுக்கு மீசை தெரிவதில்லை. பெரிய திரையில் பார்த்தால், "இளைத்துவிட்டாயே!" என்கிறாள்.

ஒரு காலத்தில் பெரிய திரையைப் பார்த்து உலகமே சிரித்தது. 2007-ம் ஆண்டு ஆப்பிள் கம்பெனியின் முதல் ஐபோன் வந்தபோது அதன் திரை மூன்றரை அங்குலம். அதுவே பெரிது என்றார்கள். 2011-ல் சாம்சங் கம்பெனி 5.3 அங்குலத் திரையோடு 'கேலக்ஸி நோட்' போனை இறக்கியது. "இது போனா, பலகையா?" என்று கேலி செய்தார்கள். சிரித்தவர்கள் எல்லாம் இன்று ஆறரை அங்குலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள்!

சிறிய போன்தான் வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்காக ஆப்பிள் கம்பெனி 2020-லும் 2021-லும் 5.4 அங்குலத்தில் 'மினி' என்று இரண்டு போன் செய்தது. போதுமான கிராக்கி இல்லை. அடுத்த வரிசையில் மினி இல்லாமல் போயிற்று. கேட்டவர்கள் அதிகம், வாங்கியவர்கள் குறைவு.

அங்குலத்தில் ஒரு சூட்சுமம்

இங்கே ஒரு விஷயம். கடையில் சொல்லும் அங்குலம் அகலமும் அல்ல, உயரமும் அல்ல. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக அளந்த கணக்கு அது.

அதனால் என்ன? நிறைய இருக்கிறது. முன்பு போன்கள் குட்டையாக, அகலமாக இருந்தன. இப்போது முருங்கைக்காய்போல நீண்டுவிட்டன. நீண்டால் குறுக்களவு கூடும். அகலம் கூட வேண்டியதில்லை.

ஓர் உதாரணம். 2014-ல் வந்த ஐபோன் 6 பிளஸ் என்பதற்கு ஐந்தரை அங்குலத் திரை. 2020-ல் வந்த ஐபோன் 12 என்பதற்கு 6.1 அங்குலத் திரை. எந்தப் போன் பெரியது? 6.1 என்று சொல்வீர்கள். தப்பு! பழையதுதான் உடம்பில் பெரியது. அது 158 மில்லிமீட்டர் நீளம், 78 மில்லிமீட்டர் அகலம். புதியது 147 மில்லிமீட்டர் நீளம், 72 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான அகலம். திரையைச் சுற்றியிருந்த வெற்று ஓரத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் சிறிய உடம்பில் பெரிய திரை அடங்கியது.

ஆகவே, அங்குலத்தைக் காதால் கேட்டு வாங்கக்கூடாது. கையில் பிடித்துப் பார்க்கவேண்டும். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் எட்டுகிறதா என்று பார்க்கவேண்டும்.

இதைப் பெண்கள்தான் நன்றாகச் சொல்வார்கள். புடவைக்கு ஏது பை? செங்கல்பட்டு பஸ்சில் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கிறாள். மறு கையில் போன். ஆண்பிள்ளை கைக்குச் செய்த அகலப் போனை ஒரு கையால் எப்படிப் பிடிப்பாள்? நழுவும். விழும். திரை உடையும். "உனக்குப் போன் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை" என்று வீட்டில் பேச்சும் வாங்கிக்கொள்வாள். தப்பு அவள்மேல் இல்லை. அளவின்மேல்.

மாமா சிரிக்கிறார்

இனி மாமா. பொத்தான் போன் வைத்திருக்கிறார் என்று அவரைப் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் காரணம் இருக்கிறது.

விரலால் தொடும் திரை, ஈரக் கையோடு சரியாகப் பேசாது. விரல் தொடும் இடத்தில் ஏற்படும் மின் மாறுதலை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலே அதையும் விரல் என்று நினைத்துக் குழம்பிவிடும். படகில் கை எப்போது காய்ந்திருக்கும்? வலை இழுக்கும் கைக்குப் பொத்தான்தான் தோழன். அழுத்தினால் அழுந்தும்.

அடுத்தது வெயில். கடல் நடுவில் மேலேயும் வெயில், கீழேயும் வெயில். கடையின் குளுகுளு அறையில் பளபளவென்று தெரிந்த திரை, அங்கே கண்ணாடி பார்ப்பதுபோல ஆகிவிடும். தெரிவது மாமாவின் முகம்தான்!

கடலோரத்தில் போன் விளையாட்டுச் சாமான் அல்ல. இதற்கு ஒரு பெயர்போன ஆராய்ச்சி இருக்கிறது. கேரளத்தின் வடக்குக் கரையில், 1997-க்கும் 2001-க்கும் நடுவில் செல்போன் வந்தபோது என்ன நடந்தது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் கணக்கெடுத்தார். 2007-ல் அது வெளிவந்தது. செல்போன் வருமுன் ஒரு கரையில் மீன் விலைபோகாமல் கொட்டப்பட்டது. பக்கத்துக் கரையில் மீன் இல்லாமல் ஜனங்கள் திரும்பினார்கள். செல்போன் வந்தபின் மீனவர்கள் கடலிலிருந்தே விலை கேட்டு, எந்தக் கரைக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது. வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் லாபம்!

அதைச் செய்தது பெரிய திரையா? இல்லை. அன்று இருந்தவை சின்னஞ்சிறு போன்கள். பேச முடிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

ஆனாலும் மாமா கட்சியை முழுவதும் ஒப்புக்கொள்வதற்கில்லை. இன்று மீனவர்களுக்குக் காற்றின் வேகம், அலையின் உயரம், மீன் அதிகம் கிடைக்கக்கூடிய இடம் எல்லாம் போனிலேயே வருகின்றன. ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் இந்தச் செய்திகளைத் தயாரிக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்கென்றே ஒரு செயலி செய்திருக்கிறது. அதைப் பார்க்கத் திரை உள்ள போன்தான் வேண்டும். ஆகவே, புறப்படுமுன் கரையில் பார்க்க ஒன்று, படகில் பேச ஒன்று. மாமா வீட்டில் மகன் ஒருவன் இருந்தால் இந்த ஏற்பாடு தானாகவே நடந்துவிடும்.

கெட்டி என்றால் என்ன?

அப்பாவின் கட்சி இது. "கெட்டியாக இருக்கவேண்டும்."

மாமல்லபுரத்தில் சிற்பி கல்லை வாங்கும்போது உளியால் தட்டிப் பார்ப்பார். மணி அடித்ததுபோலச் சத்தம் வந்தால் ஒரு கல். வெண்கலத் தாளம்போல வந்தால் இன்னொரு கல். சத்தமே இல்லாமல் மொத்தென்று இருந்தால் அதைச் சிலைக்கு எடுக்கமாட்டார். உள்ளே கீறல் இருந்தாலும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். தச்சனும் பலகையை இப்படித்தான் பார்ப்பான். மண்பானை வாங்கும் அம்மாவும் தட்டித்தான் வாங்குவாள்.

செல்போனைத் தட்டிப் பார்த்து வாங்க முடியுமா? முடியாது. அதனால் கடைக்காரர் சொல்லைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. அவர் என்ன சொல்வார்? "முன்னாலும் கண்ணாடி, பின்னாலும் கண்ணாடி, நடுவில் உலோகம். எடையைப் பாருங்கள் சார்!" என்பார்.

கனமாக இருந்தால் கெட்டி என்று அர்த்தம் இல்லை. கனமான பொருள் விழுந்தால் அடியும் பலமாக விழும். முதுகில் கண்ணாடி இருந்தால் பார்க்க அழகு. உடைவதற்கு இன்னும் ஓர் இடம். பிளாஸ்டிக் என்றால் மட்டம் என்று ஒரு நினைப்பு ஊன்றிவிட்டது. அது சரியல்ல. பிளாஸ்டிக் முதுகு அடி வாங்கினால் வளைந்து கொடுக்கும், கீறும், சுக்குநூறாகச் சிதறாது. வீட்டுக்கு உழைக்கும் போனுக்குப் பிளாஸ்டிக் முதுகே மேல்.

பெயர் பெற்றவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். மேலே சொன்ன ஐபோன் 6 பிளஸ், 2014-ல் கால்சட்டைப் பையில் இருந்தபடியே சிலருக்கு வளைந்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. 2016-ல் சாம்சங் கம்பெனியின் 'கேலக்ஸி நோட் 7' தீப்பிடித்தது. பேட்டரியில் கோளாறு. லட்சக்கணக்கில் திரும்ப வாங்கினார்கள். மாற்றிக் கொடுத்தவையும் பற்றிக்கொண்டன. கடைசியில் அந்தப் போனையே நிறுத்திவிட்டார்கள்.

தண்ணீர் புகாது என்கிறார்களே?

விளம்பரத்தில் 'ஐ.பி. 67', 'ஐ.பி. 68' என்று போடுகிறார்கள். முதல் எண் தூசிக்கு. இரண்டாவது எண் தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைக் கம்பெனியே சொல்லும்.

ஆனால் அது சோதனைச்சாலைத் தண்ணீர். நல்ல தண்ணீர். கடல் தண்ணீர் அல்ல! போன் புதிதாக இருக்கும்போது செய்த சோதனை. இரண்டு முறை விழுந்து, ஓரம் விலகிய பிறகு அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. அதைவிட வேடிக்கை ஒன்று: தண்ணீர் புகாது என்று விளம்பரம் செய்யும் பெரிய கம்பெனிகளே, தண்ணீர் புகுந்து கெட்டால் உத்தரவாதத்தில் சேராது என்று உள்ளே பொடி எழுத்தில் எழுதியிருக்கின்றன. படித்துப் பாருங்கள்.

உப்பு லேசானதா? மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலைப் பாருங்கள். கருங்கல். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில், 1,300 ஆண்டுகளுக்கு முன் கட்டியது. அந்தக் கருங்கல் சிற்பங்களையே உப்புக் காற்று அரித்து, சிங்கத்தின் முகத்தை மழுங்க அடித்துவிட்டது. கல்லுக்குள் இறங்கிய உப்பை இழுத்தெடுக்க, தொல்லியல் துறையார் காகிதக் கூழை அப்பி வைத்தியம் செய்கிறார்கள். கருங்கல்லுக்கே இந்தக் கதி! தலைமுடி அளவு செம்புக் கம்பிகளை வைத்துச் செய்த போன் எந்த மூலைக்கு?

போன் தண்ணீரில் விழுந்தால் அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது பலிக்காது. அரிசித் தூள் துவாரத்தில் புகுந்து மேலும் கெடுக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-ல் எச்சரித்தது. அரிசியைச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். போனை உடனே அணைத்து, சார்ஜ் போடாமல், பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

உண்மையான கெட்டித்தனம் வேறு. உடையாத போன் கிடையாது. உடைந்தால் சரிசெய்ய முடிகிறதா? அதுதான் கேள்வி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில், "இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே கிடைக்குமா? பேட்டரி மாற்ற என்ன ஆகும்?" என்று கேளுங்கள். புதுப் போன் வாங்குமுன் கேளுங்கள்! பழுது பார்ப்பவருக்குத் தெரியும், எந்த மாடல் திரும்பத் திரும்பத் தன் மேஜைக்கு வருகிறது என்று. எதை விற்கவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

ஐரோப்பிய நாடுகளில் 2025 ஜூன் 20 முதல் ஒரு சட்டம் நடக்கிறது. அங்கே போன் விற்கும் கம்பெனி, அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் உதிரிப் பாகம் கிடைக்கச் செய்யவேண்டும். பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீத சக்தியோடு இருக்கவேண்டும். விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பெட்டிமேலேயே சீட்டு ஒட்டவேண்டும். நம் நாட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கு நட்சத்திரம் ஒட்டுகிறார்களே, அதுபோல. இங்கேயும் அந்தச் சீட்டு வந்தால் அப்பாவின் பாதிக் கவலை தீரும். வரவேண்டும்.

அம்மாவும் கம்பெனிப் பெயரும்

இனி அம்மா. "நல்ல பேர் பார்த்து வாங்குங்கள்."

இந்தப் பேச்சு செங்கல்பட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். ஏன் என்று சொல்லவேண்டும்.

ஒரு காலத்தில் செல்போன் என்றால் நோக்கியா. பின்லாந்து நாட்டுக் கம்பெனி. 2003-ல் வந்த 'நோக்கியா 1100' உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. நுனியில் டார்ச் விளக்கு. தூசி புகாத பொத்தான். ஈரக் கையில் நழுவாத ஓரம். விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் தெறிக்கும். எடுத்து மாட்டினால் மறுபடியும் பேசும். இன்னமும் சில வீடுகளில் அலமாரிக்குள் அது இருக்கிறது. மின்சாரம் போனால் ஆயா அதைத்தான் தேடுவாள்.

அந்த நோக்கியா, 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. 1997 வரை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர்தான் அது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்கள் சீருடை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்சில் ஏறினார்கள். வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள் அவர்கள். ஆலை உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். அந்த வீடுகளில் வேறு கம்பெனிப் போன் நுழையுமா? நுழையாது. "நம்ம போன்" என்றார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? விரலால் தொடும் திரைக்கு உலகம் மாறியது. நோக்கியா தாமதித்தது. ஆண்ட்ராய்டு என்ற ஏற்பாட்டை எல்லாரும் எடுத்துக்கொண்டபோது, 2011-ல் அது மைக்ரோசாப்டோடு கைகோத்து வேறு வழி போயிற்று. ஜனங்கள் அந்த வழியே வரவில்லை. 2012-ல் பின்லாந்தில் சாலோ என்ற ஊரில் இருந்த சொந்த ஆலையையே மூடியது. 2014 ஏப்ரலில் போன் வியாபாரம் மைக்ரோசாப்டுக்குப் போனது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் போகவில்லை. வரித் தகராறில் சிக்கிக்கொண்டது. 2014 நவம்பர் 1-ந் தேதி அங்கே உற்பத்தி நின்றது. நோக்கியாவுக்காகப் பக்கத்தில் வேலை செய்த பாக்ஸ்கான் ஆலையும் டிசம்பரில் நின்றது.

போனை வாங்கியவன் அடுத்த வருஷம் வேறு பெயருக்கு மாறிவிட்டான். அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 'நம்ம போன்' என்றவர்கள் வேலையை இழந்தார்கள். கம்பெனிப் பெயரில் வைத்த பக்தி யாரைக் காப்பாற்றியது?

அந்தக் காலியான ஆலையை வாங்கியது சால்காம்ப் என்ற கம்பெனி. 2019-ல் அறிவிப்பு வந்தது. அதுவும் அதே பின்லாந்து நாட்டில் பிறந்த கம்பெனி! இப்போது அங்கே போனுக்கான சார்ஜர் செய்கிறார்கள். நோக்கியா என்ற பெயரோ எச்.எம்.டி. என்ற வேறு கம்பெனியின் கைக்குப் போனது. 2017 முதல் அந்தப் பெயரில் ஆண்ட்ராய்டு போன்கள் வந்தன. பெயர் பழையது. செய்தவர்கள் வேறு. அம்மா இதைக் கவனிக்கவேண்டும்.

பெயர் ஓரிடம், பிறப்பு ஓரிடம்

ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலை இருக்கிறது. அதனால் சாம்சங் போன் நம் ஊர்ப் போன் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இங்கே செய்வது டெலிவிஷன், குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் யந்திரம். போன் செய்வது டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில்!

ஐபோன் அமெரிக்கப் போன் என்கிறோம். அதைச் செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே, பரனூர் ரெயில் நிலையத்தை ஒட்டிய மகேந்திரா சிட்டியில் 2022 முதல் செய்கிறார்கள். பெகாட்ரான் என்ற தைவான் கம்பெனி அந்த ஆலையைத் திறந்தது. 2023 செப்டம்பரில் தீ விபத்து நடந்து சில நாள் வேலை நின்றது. 2025 ஜனவரியில் 60 சதவீதப் பங்கை டாட்டா வாங்கிவிட்டது.

மாமல்லபுரத்துக்கு 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தார். பிரதமர் மோடி வேட்டி கட்டிக்கொண்டு வரவேற்றார். வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் இருவரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காட்சியை அன்று கோடிக்கணக்கானவர்கள் சீனப் போன்களில்தான் பார்த்தார்கள். எட்டு மாதம் கழித்து, 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் சண்டை. நம் வீரர்கள் 20 பேர் உயிர் கொடுத்தார்கள். "சீனப் போனை வாங்காதே" என்று நாடெங்கும் குரல் எழுந்தது. 59 சீனச் செயலிகளை அரசு தடை செய்தது. ஆனால் போன் கடையில் அதற்குப் பிறகும் சீனப் பெயர்களே அதிகம் விற்றன. விலை குறைவு. வேறு வழி என்ன?

'நம் நாட்டுப் பெயர்' என்று மைக்ரோமேக்ஸ் ஒரு சமயம் கொடிகட்டிப் பறந்தது. அது விற்ற போன்களில் பல சீனாவில் தயாரானவை. பெயர் இங்கே, பிறப்பு அங்கே. சில வருஷங்களில் மவுசு போயிற்று.

பெயருக்காகக் கொடுக்கவேண்டிய பணம் ஒன்றே ஒன்றுக்குத்தான்: எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பித்தல் கொடுப்பார்கள் என்பதற்கு. வங்கிப் பணம் முழுவதும் போனில் இருக்கும் காலம் இது. புதுப்பித்தல் நின்ற போன், தாழ்ப்பாள் போன வீடு. 2023-ல் கூகுள் கம்பெனி 'பிக்சல் 8' போனுக்கும், 2024-ல் சாம்சங் 'எஸ் 24' போனுக்கும் 7 ஆண்டு புதுப்பித்தல் தருவதாகச் சொன்னார்கள். மலிவுப் போன்களுக்கு இவ்வளவு கிடைக்காது. ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் இது மாறும். ஆகவே கம்பெனிப் பெயரைக் கேட்டுப் பயனில்லை. மாடலைச் சொல்லி, "எந்த வருஷம் வரை?" என்று கேட்கவேண்டும். அம்மா காய்கறிக் கடையில் கேட்கிற கேள்விகளில் பாதியைப் போன் கடையில் கேட்டால் போதும்!

பேசாதிருந்த மகள்

மகள் என்ன சொல்வாள்?

அவள் நாள் முழுவதும் நின்றோ உட்கார்ந்தோ ஒரே வேலையைச் செய்கிறாள். ஒரு திருகு, ஒரு நாடா, ஒரு சோதனை. அப்படிப் பல நூறு முறை. கையில் உறை, தலையில் தொப்பி. அவள் கை வழியாக ஒரு நாளில் போகும் போன்களின் விலையைக் கூட்டினால் ஒரு தெருவையே வாங்கலாம். அதில் ஒன்றை வாங்க அவள் எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கவேண்டும்?

போனின் உழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதைச் செய்கிறவர்களின் உழைப்பைப் பற்றியும் பேசவேண்டும். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகிவிட்டது. 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடிக்கிடந்தது. விடுதிகள் சரியில்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய விடுதியை அரசு கட்டித் திறந்தது. சாலையில் உட்கார்ந்ததற்குப் பலன் இல்லாமல் போகவில்லை.

பெட்டிமேல் எத்தனை அங்குலம், எத்தனை மெகாபிக்சல் என்று போடுகிறார்கள். செய்தவளின் ஊரைப் போடுவதில்லை.

தீர்ப்பு எப்படி?

அந்த வீட்டுக்கு ஒரே போன் வாங்க முடியும் என்றால், மகன் கேட்ட பெரிய திரை வேண்டும். ஏனென்றால் ஆயாவும் பார்க்கவேண்டும், தங்கையும் படிக்கவேண்டும். ஆனால் மகனை மட்டும் கடைக்கு அனுப்பக்கூடாது. அம்மா கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி வாங்கவேண்டும். முதுகு பிளாஸ்டிக்காக இருக்கலாம். பெயர் எதுவானாலும் சரி. டிஸ்ப்ளேயும் பேட்டரியும் செங்கல்பட்டிலேயே கிடைக்கவேண்டும். மாமா பொத்தான் போனையே வைத்துக்கொள்ளலாம்.

பழைய போன் வாங்குவதாக இருந்தால், திருட்டுப் போனா என்று பார்க்க வழி இருக்கிறது. *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தை அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போனின் கம்பெனியும் மாடலும் வரும். கையில் இருக்கும் போனோடு பொருந்தாவிட்டால் தொடவேண்டாம்.

புதுப் போனுக்கு ரசீது கட்டாயம் வாங்கவேண்டும். 18 சதவீத வரி கொடுக்கிறீர்கள். ரசீது உங்கள் உரிமை. உத்தரவாதக் காலத்துக்குள் கெட்டுப்போய், கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டி, கம்பெனி கடைக்காரரைக் கைகாட்டினால் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். அதிலும் தீராவிட்டால் செங்கல்பட்டிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே வழக்குச் சொல்லலாம்.

அந்த உடைந்த போனைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். ஒருவேளை இந்த மாதம் புதுப் போனே தேவைப்படாது.